பின்வேலியில் கருட சலபம்: ஈஸ்வரமூலி வளர்த்த கணக்கு

தென்காசிப் பக்கம் புளியறையில் எங்கள் வீட்டுப் பின்வேலியில் இந்த வருஷம் கருட சலபம் முட்டை போட்டு, புழுவாகி, கூட்டுப்புழுவாகி, சிறகு விரித்துப் பறந்தும் போய்விட்டது. இங்கிலீஷ் புத்தகங்களில் இதற்கு சதர்ன் பேர்ட்விங் என்று பெயர். மலைக்கு அந்தப் பக்கம், கேரளாவில், ஆரியங்காவு, தென்மலைக்காரர்கள் கருட சலபம் என்பார்கள். எல்லையோரத்தில் இருக்கிற எங்களுக்கும் அதுதான் வாயில் வருகிறது. தென்னிந்தியாவை விட்டால் உலகத்தில் வேறெங்கும் கிடையாத பூச்சி. கர்நாடகா இதைத் தன் மாநிலப் பட்டாம்பூச்சியாக எடுத்துக்கொண்டுவிட்டது. 1932-இல் அளந்த ஒன்றின் சிறகு வீச்சு 190 மில்லிமீட்டர். இந்தியாவிலேயே பெரிய பட்டாம்பூச்சி என்ற பேரை அது 88 வருஷம் காப்பாற்றி வைத்திருந்தது. 2020-இல் உத்தராகண்டின் டிடிஹாட்டில் கிடைத்த கோல்டன் பேர்ட்விங் பெண் பூச்சி ஒன்று 194 மில்லிமீட்டர் வந்து அந்தப் பேரைத் தட்டிக்கொண்டு போனது. நாலே நாலு மில்லி. எனக்கு இன்னும் ஆறவில்லை.

பட்டாம்பூச்சித் தோட்டம் போடுகிறவர்கள் எல்லோரும் பூச்செடியைப் பற்றித்தான் பேசுகிறார்கள். பூவுக்கு வருகிற பூச்சி குடித்துவிட்டுப் போய்விடும். தங்க வேண்டுமென்றால் அதன் பிள்ளைகளுக்குச் சோறு போட வேண்டும். கருட சலபத்தின் புழு ஈஸ்வரமூலிக் கொடியின் குடும்பத்தைத் தவிர வேறெதையும் வாயில் வைக்காது, அதையும் கொஞ்சமாகத் தின்னாது. ஆகவே இந்தப் பதிவில் பாதிக்கு மேல் கொடியைப் பற்றித்தான் இருக்கும். கொடி ஏன் செத்தது, எப்படிப் பிழைத்தது, எத்தனை இலை, என்ன செலவு, அவ்வளவுதான்.

செடி தேடியது

முதலில் கைக்குக் கிடைத்தது ஆடுதீண்டாப்பாளை. கடையநல்லூர் தாண்டிக் கிழக்கே போனால் காய்ந்த கரிசல் காட்டில் தரையோடு படர்ந்து கிடக்கும். ஈஸ்வரமூலிக்குப் பங்காளிச் செடி, அதே குடும்பம். மேயப்போன ஆடு அதை மட்டும் விட்டுவைக்கும், பேரிலேயே விஷயம் இருக்கிறது. வேரோடு கொண்டுவந்து பின்பக்கம் நட்டேன். பங்குனி, சித்திரை வரை ஜோராக இருந்தது. ஆனியில் சாரல் தொடங்கியதும் கழுத்துப் பகுதி கறுத்து, தொட்டால் கையோடு வந்தது. வெயிலில் வளர்ந்த செடியை ஆரியங்காவுக் கணவாய் வாசலில் வைத்தால் அதுதான் நடக்கும். மேட்டுப்பாத்தி போட்டு, மணலைக் கூட்டி மறுபடி வைத்துப் பார்த்ததிலும் அடுத்த சாரலைத் தாண்டவில்லை. இதற்கு மேல் அதில் மெனக்கெட வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

அடுத்தது நர்சரிக் கொடி. டச்மேன்ஸ் பைப் என்று சொல்லி ஒரு பை 180 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். பட்டாம்பூச்சிக்கு நல்லது என்றும் சொன்னார்கள். இதுவும் ஈஸ்வரமூலிக் குடும்பம்தான், ஆனால் தென் அமெரிக்கச் செடி. வெள்ளையில் காப்பிக்கொட்டை நிறத்தில் வரிவரியாகப் பூக்கும், வேலி முழுக்க ஏறும், சாரலுக்கு அசையாது. பார்த்தவர்கள் எல்லாம் கன்று கேட்டார்கள். காமன் ரோஸ் பட்டாம்பூச்சி வந்து முட்டையும் போட்டது. முட்டை பொரிந்தது. குஞ்சுப் புழுக்கள் இலை ஓரத்தை ஊசிமுனை அளவுக்குக் கடித்த தடம் இருந்தது, அதோடு சரி. மறுநாள் இலைக்கு அடியில் சுருண்டு கிடந்தன. அடுத்து வைத்த முட்டைகளுக்கும் அதே கதி. ஆஸ்திரேலியாவில் ரிச்மண்ட் பேர்ட்விங் என்று கருட சலபத்தின் உறவுக்காரப் பூச்சி ஒன்று உண்டு. அது அழிவின் ஓரத்துக்குப் போனதற்கு இந்தக் கொடியும் ஒரு காரணம். தாய்ப்பூச்சி வாசனையை நம்பி இதில் முட்டை வைக்கும், புழு தின்று செத்துப்போகும். அங்கே ஊர் ஊராக இதைப் பிடுங்கி எறிந்துவிட்டு நாட்டுக் கொடியை நட்டுக்கொண்டிருக்கிறார்கள். நானும் வேரோடு பிடுங்கிக் காயவைத்து எரித்தேன். பூ அழகுதான், ஆனால் பட்டாம்பூச்சிக்காக என்று யாராவது இதை விற்றால் வாங்காதீர்கள்.

கடைசியில் ஈஸ்வரமூலி ஆரியங்காவில் கிடைத்தது. ரப்பர் பால் வெட்டப் போகும் ஒரு சேட்டன் வீட்டு வேலியில் தடித்த கொடி ஒன்று பல வருஷமாகக் கிடக்கிறது. "பாம்பு அண்டாதுன்னு எங்க அம்மை வெச்சதாக்கும். வேணும்ங்கிறத எடுத்துக்கோ, மூட்டை மட்டும் தோண்டப்பிடாது" என்றார். மூடு என்றால் அங்கே அடிவேர். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. இந்தக் கொடியின் உயிர் மரம்போல் கெட்டியான அந்த வேரில்தான். மேலே மொத்தமும் போனாலும் கீழிருந்து தளிர்த்துவிடும். ஒன்று சொல்லிவிடுகிறேன், இதற்காகக் காட்டுக்குள் போய்ப் பிடுங்க வேண்டாம். எல்லைக்கு இரண்டு பக்கமும் காப்புக்காடுதான், செடி எடுப்பது குற்றம். வேலிகளில் தேடினாலே கிடைக்கும்.

விதை, குச்சி, பதியன்

மாசியில் காய் பழுக்கும். எலுமிச்சங்காயை விடக் கொஞ்சம் சின்னதாக, வரிவரியாக இருக்கும். காய்ந்து வெடிக்கும்போது காம்புப் பக்கமிருந்து ஆறு பிளவாகப் பிரிந்து, நூல் கட்டிய குட்டிப் பாராசூட் மாதிரி தலைகீழாகத் தொங்கும். விதை தட்டையாக, ஓரத்தில் தாள் போன்ற இறக்கையோடு உள்ளே அடுக்கி வைத்திருக்கும். வெடித்த அன்றைக்கே எடுத்துவிட வேண்டும். கணவாய்க் காற்று ஒரு சுற்றுச் சுற்றினால் காய் காலி.

ஆற்று மணல் இரண்டு பங்கு, செம்மண் ஒன்று, மட்கிய சாணம் ஒன்று. விதையை அரை சென்டிமீட்டர் ஆழத்தில் படுக்கவைத்து மூடினேன். புதிதாக எடுத்தது மூன்று வாரத்தில் முளைக்கத் தொடங்கி ஆறாவது வாரம் வரை ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தது. டப்பாவில் போட்டு ஆடி வரை வைத்திருந்த விதை ஏறக்குறைய எதுவும் முளைக்கவில்லை. முளைத்த கன்றுகள் முதல் வருஷம் முழுக்க முழங்கால் உயரத்தைத் தாண்டாது. அந்த வருஷம் அது கீழேதான் வேலை பார்க்கிறது. மேலே ஒன்றும் காணோமே என்று தண்ணீரைக் கூட்டினால் அழுகும்.

குச்சி நடுவது வேகமாக இருக்கும் என்று நினைத்து பென்சில் தடிமனில், மூன்று கணு வைத்து, ஒரு சாண் நீளத்துக்கு வெட்டினேன். வேர்ப் பவுடர் டப்பா 120 ரூபாய். நிழல்வலைக்கு அடியில் தேங்காய்நார்க் கழிவில் குத்திவைத்தேன். பாதிக்கு மேல் அடியிலிருந்து பழுப்பேறிப் போனது. தளிர் விட்டவற்றிலும் பலவற்றுக்கு வேரே இல்லை, குச்சியில் இருந்த சேமிப்பை வைத்துத் தளிர்த்துவிட்டு வாடிவிட்டன.

பலித்தது பதியன். ஓடும் கொடியைக் கழற்றித் தரையில் படுக்கவைத்து, கணுவுக்கு அடியில் தோலை லேசாகச் சீவி, சைக்கிள் ஸ்போக்கை வளைத்துச் செய்த கொக்கியால் மண்ணில் அமுக்கி, மேலே ஒரு கை மண், அதன் மேல் ஓட்டுத் துண்டு. ஐப்பசி மழையில் போட்டால் தை மாதம் வெட்டி எடுக்கலாம். தாய்க்கொடியிலிருந்து சாப்பாடு வந்துகொண்டே இருப்பதால் அவசரம் இல்லை. இப்போது எனக்குக் கன்று வேண்டுமென்றால் விதையைத் தேடுவதே இல்லை.

இந்தச் சமயத்தில் ஊரில் ஒரு பேச்சு கிளம்பியது. ஈஸ்வரமூலி வைத்திருக்கிறான், பாம்புக்கடிக்கு வேர் தருவான் என்று. ஆச்சி காலத்து வைத்தியம், எங்கள் ஆச்சியே அதைச் சொல்லித்தான் கேள்விப்பட்டிருக்கிறேன். கேட்டு வந்தவர்களுக்கு ஒரே பதில்தான் சொன்னேன்: பாம்பு கடித்தால் நேரே ஆஸ்பத்திரி, விஷமுறிவு மருந்து ஊசி. இந்தச் செடியில் இருக்கும் அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோயும் வரவைக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பே முதல் பட்டியலில் வைத்திருக்கிறது. புழுவுக்கு அதே விஷம்தான் கவசம். தின்று உடம்பில் சேர்த்துவைத்துக்கொள்ளும், பெரும்பாலான பறவைகள் தொடாது. நமக்கு அந்த வசதி கிடையாது. கொடியை வெட்டினால் கையைக் கழுவிவிடுங்கள்.

பந்தல்

முதல் பந்தலை மேற்குப் பார்த்துப் போட்டிருந்தேன். வேலி அங்கேதான் இருந்தது, வேறு காரணம் இல்லை. ஆடிக் காற்றில் மூங்கில் இரண்டும் சாய்ந்து, கொடி முறுக்கிக்கொண்டு கிடந்தது. அதை விட மோசம், அந்தப் பக்கம் ரப்பர் தோட்டம். மழைக்கு முன்னால் இலை உதிர்வு நோய்க்காகத் தாமிர மருந்து அடிப்பார்கள், தூவானம் நேரே கொடி மேல்.

இப்போது இருப்பது வீட்டுக்குக் கிழக்கே, காற்று மறைவில். இரண்டு பழைய வேலிக்கல், நடுவே 12 அடி. 12 கேஜ் ஜி.ஐ. கம்பி, தரையிலிருந்து ஒன்றரை அடிக்கு மேல் தொடங்கி 15 சென்டிமீட்டருக்கு ஒன்றாக ஏழு வரிசை. கம்பி இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் கூடப் பிடித்தது, கிலோ 95 ரூபாய். இழுத்துக் கட்டும் திருகு இரண்டு, ஒன்று 40. காலையில் பத்து மணி வரை வெயில், அப்புறம் மாமர நிழல். ஈஸ்வரமூலிக்கு இது தோதாக இருக்கிறது. முழு வெயிலில் வைத்த கன்றில் இலை சின்னதாக, மஞ்சளடித்து, கெட்டியாக இருந்தது. அதைப் புழுவும் விரும்பவில்லை.

மாமரத்தில் முசுறுக் கூடு இருந்தது. முசுறு எறும்பு மாமரத்துக்கு நல்ல காவல்காரன், ஆனால் முட்டையையும் குஞ்சுப் புழுவையும் விட்டுவைக்காது. கூட்டைக் கலைக்கவில்லை. பந்தலைத் தொடும் கிளைகளை மட்டும் வெட்டிவிட்டு, இரண்டு கல்லிலும் இடுப்பு உயரத்தில் கிரீஸ் பட்டை போட்டேன். மழைக்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் புதுப்பிக்க வேண்டும். கொடி அடியிலிருந்து ஏறும் எறும்புக்கு இது தடை இல்லை. அதற்கு இன்னும் நல்ல வழி கிடைக்கவில்லை.

முதலில் வந்த விருந்தாளிகள்

பந்தல் மூடியதும் கிரிம்சன் ரோஸ் வந்தது, பின்னாலேயே காமன் ரோஸ். இரண்டும் இதே குடும்பக் கொடியைத் தின்கிறவைதான். வெளியில், சமவெளியில் ஆடுதீண்டாப்பாளையை வைத்தே பிழைத்துக்கொள்ளும். ஆனால் கண்ணெதிரே பந்தல் இருக்கும்போது யார் விடுவார்கள்? பூரா இலையும் மொட்டை. கருட சலபம் வேலிக்கு மேலே வட்டமடித்துப் பார்த்துவிட்டுப் போனது. முட்டை வைக்க இலை இருந்தால்தானே.

மூன்று புழுவையும் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. எல்லாமே கருஞ்சிவப்பு உடம்பு, உடம்பெங்கும் சதைப்பற்றான முளைகள். கிரிம்சன் ரோஸ் புழுவுக்கு வெள்ளைப் பட்டை கிடையாது, முளைகளின் நுனி செம்மஞ்சளாகத் தெரியும். காமன் ரோஸுக்கு நடு உடம்பில் வெள்ளைப் பட்டை ஒன்று, நேர்குறுக்காக. கருட சலபத்துக்கும் வெளிர்ப் பட்டை உண்டு, ஆனால் அது சாய்வாக ஓடும். பக்கத்திலிருந்து பார்த்தால் கீழே முன்னோக்கியும் மேலே பின்னோக்கியும் சரிந்து, லேசாக இளஞ்சிவப்பு ஓடியிருக்கும். வளர்ந்த பிறகு அளவே காட்டிக்கொடுத்துவிடும். சின்னதில் இந்தச் சாய்வுதான் அடையாளம். மூன்றையும் சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிற இரட்டைக் கொம்பு நீண்டு ஒரு காட்டமான வாடை அடிக்கும். கையில் பட்டால் சோப்பு போட்டும் சாயங்காலம் வரை போகாது.

ரோஸ் புழுக்களை எடுத்துக் கொல்ல மனம் வரவில்லை. கிரிம்சன் ரோஸ் 1972 வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையிலேயே இருந்த பூச்சி. அதனால் கன்றுகளை இரண்டாகப் பிரித்தேன். வேலியின் தெற்கு மூலையில், வெயில் படும் இடத்தில், தாழ்வாக ஐந்தாறு கொடி, அது ரோஸ்களுக்கு. பந்தல் கொடியில் பார்க்கும் ரோஸ் புழுவை இலையோடு வெட்டி அங்கே மாற்றிவிடுவேன். புழுவை விரலால் பிடித்து இழுக்கக் கூடாது. பின்கால் பிடி விடாது, உடம்பு கிழியும். இலையோடு எடுத்து, புது இலையில் ஊக்கால் குத்திவைத்தால் அதுவாக ஏறிக்கொள்ளும்.

கூடவே சேமிப்பு. 12 அங்குலப் பைகளில் கொடி வளர்த்து, கொசுவலைக்குள் வைத்தேன். கொசுவலை மீட்டர் 60 ரூபாய், ஐந்து மீட்டர். அடியில் மண் போட்டு மூடாவிட்டால் தாய்ப்பூச்சி எப்படியோ உள்ளே போய்விடும். பட்டாம்பூச்சியை அடைக்கிற வலை என்று நினைத்துக்கொண்டு எங்கள் மதினி ஊரெல்லாம் சொல்லிவிட்டாள். உள்ளே இருந்தது இலை மட்டும்தான். பூச்சி எதையும் அடைத்து வளர்க்கவில்லை, அந்த எண்ணமும் இல்லை. பேர்ட்விங் வகைகள் சைட்டிஸ் என்ற உலக உயிரின வர்த்தகக் கட்டுப்பாட்டு ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கின்றன, குயீன் அலெக்ஸாண்ட்ரா பேர்ட்விங் மட்டும் முதல் பட்டியலில், விலைக்கு வாங்குகிறவர்கள் உலகத்தில் உண்டு என்பதால்தான்.

தாய்ப்பூச்சி

பூவுக்கு அதிகம் செலவில்லை. கிருஷ்ணகிரீடம் பக்கத்து வீட்டில் பக்கக்கன்றாகக் கிடைத்தது, இட்லிப்பூ ஏற்கெனவே இருந்தது, உண்ணிச்செடியைச் சொல்லவே வேண்டாம், வேண்டாமென்றாலும் வரும். கருட சலபம் கிருஷ்ணகிரீடத்துக்குத்தான் முதலில் இறங்கும். மற்ற பட்டாம்பூச்சி போல உட்கார்ந்து குடிக்காது. பின்சிறகு ஏறக்குறைய நின்றிருக்க, முன்சிறகு விடாமல் அடித்துக்கொண்டே இருக்கும். போட்டோ எடுக்கப் போனால் மஞ்சள் தெளிவாக விழும், கறுப்பு கலங்கிவிடும். முன்சிறகு கறுப்பில் நரம்போரம் சாம்பல் கீற்று. பின்சிறகு பொன்மஞ்சள். ஆணுக்கு மஞ்சளில் ஓரக் கறுப்பு மட்டும். பெண்ணுக்கு அதற்கு உள்ளே பெரிய கறுப்புப் புள்ளிகள் வரிசையாக. கழுத்தில் சிவப்பு.

ஆவணி முதல் வாரம், சாரல் விட்ட ஒரு முற்பகலில், பெண் ஒன்று பந்தலுக்கு வந்து இலை இலையாகத் தொட்டுப் பார்த்தது. முன்காலால் இலையைத் தட்டித் தட்டிச் சோதிக்கும். பக்கத்தில் ஏறியிருந்த வெற்றிலைக்கொடியைத் தட்டிவிட்டு நகர்ந்தது. அவரையைத் தட்டிவிட்டு நகர்ந்தது. ஈஸ்வரமூலியில் வந்ததும் அடிவயிற்றை வளைத்து, இலைக்கு அடியில் ஒன்று. அப்புறம் எட்டத்தில் இன்னொன்று. ஒரு இலைக்கு ஒன்றுக்கு மேல் வைக்கவில்லை. முட்டை கடுகை விடக் கொஞ்சம் பெரிது, உருண்டை, ஆரஞ்சு. இளம் தளிர் கண்ணுக்கு முன்னால் இருந்தும், தரையிலிருந்து மூன்றடிக்கு மேல், நிழலில், முற்றிய இலைகளைத்தான் அதிகம் எடுத்தது. ரோஸ்கள் தாழ்வாக, வெயிலில் வைத்ததற்கு இது நேரெதிர். தெற்கு மூலை ஏற்பாடு வேலை செய்ததற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

இலைக்கணக்கு

ஒரு வாரத்தில் பொரிந்தது. புழு முதலில் தின்பது தன் முட்டை ஓட்டைத்தான். முதல் இரண்டு வாரம் ஒரு புழுவுக்கு ஒரு இலை நாலைந்து நாள் தாங்கும், பந்தலில் எதுவும் குறைந்ததாகவே தெரியாது. அதுதான் ஏமாற்றும். கடைசித் தோலுரிப்புக்குப் பிறகு புழு என் நடுவிரல் நீளம், ஆறு சென்டிமீட்டரைத் தாண்டும். அப்போது உள்ளங்கை அளவு இலை ஒரு நாளைக்கு ஏழெட்டு போகிறது. ஒன்றை மட்டும் தனியாகக் கவனித்து எண்ணியதில் முட்டையிலிருந்து கூட்டுப்புழு வரை நூறை ஒட்டி வந்தது. நன்றாக வளர்ந்த இரண்டு வருஷக் கொடியில் இலை இருநூற்றைம்பது, முந்நூறு இருக்கும். அதாவது ஒரு கொடிக்கு இரண்டு புழு, தாராளமாகச் சொன்னால் மூன்று. பந்தலில் அப்போது இருந்தது நாலு கொடி, புழு பதினேழு. கணக்கு உதைக்கிறது.

அதை விடப் பெரிய சேதம் தண்டில். வளர்ந்த புழு தண்டையும் சுற்றிக் கடிக்கும். தோலை வளையமாகக் கொறித்துவிட்டு மேலே ஏறி இலையைத் தின்கிறது. கடித்த இடத்துக்கு மேலே இருக்கும் கொடி மொத்தமும் இரண்டு நாளில் தொங்கிவிடும். ஒரு புழு இப்படி ஒரு கொடியையே கீழே தள்ளிவிட்டது, அதில் இருந்த மற்ற நாலு புழுவும் பட்டினி. காட்டில் கொடி மரஉச்சி வரை போகும், பல கிளை இருக்கும். ஏழு கம்பிப் பந்தலில் ஒற்றைத் தண்டு அறுந்தால் எல்லாம் போச்சு.

இதற்குக் கண்டுபிடித்த வைத்தியம் தோட்டத்து ஹோஸ். அரை அங்குலப் பைப்பை ஒரு முழத் துண்டாக வெட்டி, நீளவாக்கில் கத்தரியால் கீறி, அடித்தண்டின் மேல் சட்டையாக மாட்டிவிட்டேன். அதன் மேல் ஒரு கை இடைவெளி விட்டு இன்னொன்று. உள்ளே ஈரம் தங்காமல் இருக்க ஆணியைச் சுட்டு நாலு இடத்தில் ஓட்டை. பைப் வழுக்குவதால் புழு அதைத் தாண்டித்தான் போகிறது, கடிப்பதில்லை. கிளைகளைக் கடித்தது, அடித்தண்டு தப்பித்தது. எறும்பு ஹோஸுக்குள் குடிபுகுந்த கொடியும் ஒன்று உண்டு, அதை வாரம் ஒருமுறை திறந்து பார்க்க வேண்டியதாயிற்று. மதினி தேடிய ஹோஸ் எங்கே போனது என்பது இதைப் படித்தால் அவளுக்குத் தெரிந்துவிடும்.

புரட்டாசி நடுவில் பந்தல் மொட்டையாகும் நிலை வந்ததும் வலைக்குள் இருந்த பைகளை வெளியே எடுத்துக் கம்பிக்கு அடியில் வரிசையாக வைத்தேன். கொடி நுனியைப் பந்தலோடு கோத்துவிட்டால் புழு தானாக இறங்கி ஏறிக்கொள்ளும். பத்துப் பை ஒன்பது நாளில் காலி. சேட்டன் வேலியிலிருந்தும் ஒரு சாக்கு இலை வந்தது. அறுத்த இலையைத் தண்ணீர் பாட்டிலில் செருகிவைத்தால் ஒரு நாள் தாங்கும். பாட்டில் வாயைப் பஞ்சால் அடைக்காவிட்டால் புழு உள்ளே இறங்கி முங்கிவிடும். வாடிய இலையைக் கொடுத்த அன்று அவை தின்னாமல் அலைந்ததையும் பார்த்தேன்.

கூட்டுப்புழு

பதினேழில் கூட்டுப்புழுவானது ஒன்பது. மூன்றை எறும்பும் சிலந்தியும் எடுத்தன, மற்றவை பட்டினியில் இளைத்து உதிர்ந்தன அல்லது எங்கேயோ போய்விட்டன. எங்கேயோ என்று சொல்வது ஏனென்றால், தின்று முடித்த புழு கொடியை விட்டு இறங்கி நடக்க ஆரம்பித்துவிடும். ஒன்று கறிவேப்பிலையில், ஒன்று துணி காயப்போடும் கொடிக்கு அடியில், ஒன்று ஜன்னல் கம்பியில். அங்கே துணி காயப்போட வேண்டாம் என்று ஒரு அட்டை எழுதித் தொங்கவிட்டேன்.

வால் நுனியை ஒட்டிவைத்து, இடுப்பைச் சுற்றிப் பட்டுநூல் ஒன்று கட்டி, சாய்ந்து நிற்கும். சருகு நிறம், பக்கங்களில் மடிப்பு, முதுகில் பொன் பூசியதுபோல் ஒரு திட்டு. தொட்டால் உடம்பை நெளித்து ஸ்ஸ் என்று ஒரு சத்தம் போடும். பல்லி பயப்படுமோ என்னவோ, நான் முதல் தடவை கையை உதறினேன். இரண்டு கூடு நாள் கழித்து கறுத்துப் போய், பக்கவாட்டில் குண்டூசி அளவு ஓட்டை விழுந்திருந்தது. ஒட்டுண்ணிக் குளவியின் வேலை. அதற்குச் செய்ய ஒன்றுமில்லை, அதுவும் பிழைக்க வேண்டும்.

மூன்று வாரம் ஆகும்போது ஓடு மெலிந்து, உள்ளே பின்சிறகின் மஞ்சள் தெரியத் தொடங்கும். மஞ்சள் தெரிந்தால் மறுநாள் காலை. முதலில் வந்தது பெண். சுருங்கிய சிறகோடு கம்பியைப் பிடித்துத் தொங்கி, கால் மணி நேரத்துக்கு மேல் சிறகை இறக்கிக்கொண்டிருந்தது. அடியில் செம்பழுப்பாகச் சொட்டியது கழிவு, ரத்தம் இல்லை, பயந்துவிட வேண்டாம். கையில் எடுத்து அளக்கக் கூடாது என்பதால் கம்பிக் கணக்குதான்: சிறகை விரித்தபோது ஒரு கம்பியிலிருந்து அடுத்த கம்பியைத் தாண்டி ஒரு விரற்கடை போனது. 16 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். பத்தரை மணி வெயிலில் எழும்பி, மாமரத்துக்கு மேலே போய், மலைப்பக்கம் திரும்பியது. மொத்தம் ஏழு.

செலவும் அடுத்த வருஷமும்

கம்பி, திருகு, கொசுவலை, பைகள், தேங்காய்நார்க் கழிவுக் கட்டி, வேர்ப் பவுடர், நிழல்வலைத் துண்டு, கிரீஸ் எல்லாம் சேர்த்து 1,400 ரூபாயைத் தாண்டவில்லை. அதில் வேர்ப் பவுடரும் டச்மேன்ஸ் பைப்பும் வெட்டிச் செலவு. வேலிக்கல் பழசு, மண் நம்முடையது, பதியனுக்குக் காசு கிடையாது.

ஏழு பூச்சிக்கு நாலு கொடியும் பத்துப் பையும் ஒரு சாக்கு இலையும் போயிருக்கிறது. அடுத்த ஆவணிக்குப் பந்தலில் பத்துக் கொடியாவது வேண்டும். ஐப்பசியில் போட்ட பதியன் தையில் வெட்டினாலும் அந்த வருஷமே தின்னக் கொடுக்க முடியாது, அதனால் முட்டையைக் குறைப்பதுதான் ஒரே வழி. ஒரு கொடிக்கு மூன்று முட்டைக்கு மேல் இருந்தால் அந்த இலையை வெட்டி, சேட்டன் வீட்டுக் கொடிக்குக் கொண்டுபோய்க் குத்திவிடப் போகிறேன். கேட்டதற்கு, "புழு தின்னட்டு, மூடு கிடக்கும்லா" என்றுவிட்டார். பந்தல் உயரத்தையும் இன்னும் மூன்று கம்பி கூட்ட வேண்டும், பெண் பூச்சி மேல் இரண்டு வரிசையைத்தான் அதிகம் தேடியது. ஒற்றைத் தண்டாக ஏற்றாமல், முழங்கால் உயரத்தில் நுனி கிள்ளி, மூன்று கிளையாகப் பிரித்து ஏற்றினால் ஒன்று அறுந்தாலும் மற்ற இரண்டு நிற்கும்.

மொட்டையான கொடிகள் நாலிலும் கார்த்திகை மழைக்கு அடியிலிருந்து தளிர் வந்திருக்கிறது. கிரிம்சன் ரோஸ் அதற்குள் வந்து இரண்டு முட்டை போட்டுவிட்டது. தெற்கு மூலைக்கு மாற்ற வேண்டும்.